கண்ணில்லாத கெண்டையைக் கண்டுபிடித்த கதை

பெண்ணின் கண்ணுக்கு உவமை தேடிய நம் புலவர்கள் வெகுதூரம் அலையவில்லை. வாய்க்காலில் துள்ளிய கெண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கெண்டைவிழி என்றார்கள், கயல்விழி என்றார்கள். மதுரையை ஆளும் அம்மனுக்கே மீனாட்சி என்றுதான் பெயர். அப்படிக் கண்ணுக்கே பேர்போன கெண்டைக் குடும்பத்தில் கண்ணே வெளித்தெரியாத ஒரு மீன் இருக்கிறது. மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில், சூரிய வெளிச்சம் எட்டாத குகைக் குட்டைகளில் வாழ்கிறது. நிறம் கிடையாது. நீளம் 40 சென்டிமீட்டருக்கும் மேல். உலகில் இதுவரை அறியப்பட்ட குகைமீன்களில் உடலளவில் இதுதான் மிகப் பெரியது. 2023இல் அதற்கு 'நியோலிசோகைலஸ் ப்னார்' என்று பெயர் வைத்தார்கள்.

'புதிய குகைமீன் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பில் செய்தி வரும்போதெல்லாம் படிப்பவர் மனதில் இரண்டு கேள்விகள் எழும். இத்தனை பெரிய மீனை இதுவரை யாருமே பார்த்ததில்லையா? அதன் கண் எங்கே போயிற்று? முதல் கேள்விக்கான விடையில் பாதி 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. காண்பது ஒரு வேலை, பிடிப்பது இன்னொரு வேலை. உயிரியலில் இந்த இரண்டுக்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடிவிடும். இரண்டாவது கேள்வி இதைவிடச் சிக்கலானது, சுவையானதும் அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குகை. மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. நம் வாயில் ஊற்றிக்கொண்டால் புளிப்புக்கூடத் தெரியாத அளவு அமிலம்தான். ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்கு அது போதும். விரிசல் வழியாக இறங்கும் நீர் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. விரிசல் குழாயாகிறது, குழாய் மண்டபமாகிறது, மண்டபத்துக்குள் ஆறு ஓடத் தொடங்குகிறது. இதற்கு வேண்டியவை மூன்று: சுண்ணாம்புக்கல், மழை, காலம். மேகாலயாவில் மூன்றும் தாராளம். அங்குள்ள மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது சுமார் 1,400. சென்னையின் எட்டு ஆண்டு மழையை அந்த ஊர் ஒரே ஆண்டில் வாங்கிக்கொள்கிறது.

எனவே அந்த மலைகளுக்கு அடியில் இன்னொரு மேகாலயாவே இருக்கிறது எனலாம். காசி மொழியில் குகைக்கு 'கிரெம்' என்று பெயர், தண்ணீருக்கு 'உம்'. கிரெம் லியாத் ப்ரா என்ற குகைத் தொகுதி மட்டுமே 30 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 1992 முதல் மேகாலயாவின் சாகசப் பயணிகள் சங்கமும் வெளிநாட்டுக் குகை ஆய்வாளர்களும் சேர்ந்து, மழையில்லாத குளிர்கால மாதங்களில் இந்தக் குகைகளை அளந்து வரைபடமாக்கி வருகிறார்கள். பூமியின் வரலாற்றில் நாம் இப்போது வாழும் காலப்பகுதிக்கு 'மேகாலயன்' என்றே 2018இல் பெயர் சூட்டப்பட்டது. அங்குள்ள மௌம்லு குகையின் சுண்ணாம்புப் படிவு ஒன்றில் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய பெரும் வறட்சியின் தடயம் பதிந்திருந்ததுதான் காரணம். இது மீனுக்குச் சம்பந்தமில்லாத செய்திதான். ஆனாலும் ஒரு குகை உலகத்துக்கே காலக்கணக்கு எழுதிக்கொடுத்ததைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

குகையில் காணப்படும் மீன் எல்லாம் குகைமீன் ஆகிவிடாது. வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு உள்ளே மாட்டிக்கொள்ளும் மீன்கள் உண்டு. வெளியிலும் உள்ளேயும் மாறி மாறி வாழும் மீன்களும் உண்டு. இவை விருந்தாளிகள். பிறப்பு, வளர்ப்பு, இனப்பெருக்கம், சாவு எல்லாம் இருட்டிலேயே என்று தலைமுறை தலைமுறையாக வாழ்பவைதான் உண்மையான குகைமீன்கள். பூமியில் அறியப்பட்ட மீன் சிற்றினங்கள் 35,000க்கும் மேல். அவற்றில் இப்படி நிலத்தடியிலேயே குடியிருப்பவை ஏறத்தாழ 300தான். சீனாவில் இவை அதிகம். அங்குள்ள ஒரே ஒரு பேரினத்தில், சைனோசைக்ளோகைலஸ் என்பதில், எழுபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. அவற்றில் பலவும் குகைவாசிகள். அவையும் கெண்டைக்குச் சொந்தம்தான்.

இனி ஜைந்தியா மலைக்குப் போகலாம்.

2019இன் தொடக்கத்தில் டேனியல் ஹாரிஸ் என்ற உயிரியலாளர் உள்ளிட்ட குழுவினர் உம் லாதௌ என்ற குகைக்குள் கயிறு கட்டி இறங்கினார்கள். ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம். அடியில் ஒரு குட்டை. விளக்கைத் திருப்பியபோது தண்ணீருக்குள் வெளிறிய பெரிய மீன்கள் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. குகைமீன் என்றால் விரலளவு இருக்கும் என்பதுதான் அதுவரை பொதுவான கணிப்பு. இருட்டில் செடி வளராது, செடி இல்லையென்றால் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், சாப்பாடு குறைந்த இடத்தில் சிறிய உடல்தான் கட்டுப்படியாகும். இந்தக் கணக்கின்படி அங்கே இருக்கவே கூடாத மீன் அது. ஆஸ்திரேலியாவில் இதே நீளத்துக்கு ஒரு குருட்டு விலாங்கு உண்டு. ஆனால் அது கயிறு மாதிரி மெலிந்தது. எடையில் பார்த்தால் மேகாலயா மீன் அதற்கு முன் தெரிந்திருந்த எந்தக் குகைமீனையும்விடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கனமானது.

கண்டாயிற்று. பிடித்தாயிற்றா என்றால், இல்லை. அதே ஆண்டில் வெளியான முதல் ஆய்வுக்கட்டுரை அதைப் புதிய சிற்றினம் என்று அறிவிக்கவில்லை. இமயமலை ஆறுகளில் வாழும் தங்க மகசீரின் உறவாக, அதன் குகை வடிவமாக இருக்கலாம் என்றுதான் சொன்னது. மகசீர் என்பது கெண்டைக் குடும்பத்தின் பெரிய ஆட்கள். பெரிய செதில், கனத்த உதடு, ஓடும் தண்ணீரை எதிர்த்து நீந்தும் உடல். குகைமீனின் உடலமைப்பும் அப்படியே இருந்ததால் அந்த யோசனை வந்தது இயல்புதான்.

ஒரு மீனைப் புதிய சிற்றினம் என்று சொல்வது ஒரு வகையில் நீதிமன்ற வழக்கு மாதிரி. 'இது வேறு' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதற்கு மீனைக் கையில் எடுத்துச் செதில்களை எண்ண வேண்டும். துடுப்புகளில் உள்ள கதிர்களை எண்ண வேண்டும். தாடை எப்படி அமைந்திருக்கிறது, மார்புத் துடுப்பு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளக்க வேண்டும். பிறகு அதன் சொந்தபந்தங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். அந்தச் சொந்தங்களில் சில 180, 200 ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஆங்கிலேயர் நான்கு வரியில் வருணித்துவிட்டுப் போனவையாக இருக்கும். அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு வகைப்பாட்டியலாளர் என்று பெயர். பொறுமைக்கு இன்னொரு பெயர் என்றும் வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் டி.என்.ஏ. ஒப்பீடு. ஒரே மரபணுவின் எழுத்துவரிசையைப் பல மீன்களிலிருந்து எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் யார் யாருக்கு நெருங்கிய உறவு, எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

நீலேஷ் தஹானுகர், ராஜீவ் ராகவன், கிரஹாம் புரவுட்லவ் உள்ளிட்ட ஐவர் இந்த வேலையை முடித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். தங்க மகசீரின் குகை வடிவம் என்ற முதல் ஊகம் தவறு. அது தங்க மகசீரின் பேரினத்தையே சேர்ந்தது அல்ல. பக்கத்துப் பேரினமான நியோலிசோகைலஸில் சேர வேண்டியது. உருவமும் மரபணுவும் அதில் உள்ள மற்றவற்றிலிருந்து வேறுபடுவதால் தனிச் சிற்றினம். அந்தப் பேரினத்தில் இருட்டுக்குக் குடிபோன மீன் என்று அதற்கு முன் அறியப்பட்டது தாய்லாந்தின் நியோலிசோகைலஸ் சப்டெரேனியஸ் ஒன்றுதான். மலையில் வாழும் ப்னார் பழங்குடி மக்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

பெயர் வைப்பதற்கும் சட்டதிட்டம் உண்டு. விலங்குகளுக்கான பெயரிடல் விதிகள் என்று உலகம் முழுக்க ஒரே தொகுப்பு. பெயர் இரண்டு சொல்லாக இருக்க வேண்டும். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். நம் ஊர் இனிஷியல் மாதிரி வீட்டுப் பெயர் முன்னால் வரும். வருணனையை முறையாக வெளியிட வேண்டும். முக்கியமாக, ஒரே ஒரு மீனை 'இதுதான் மாதிரி' என்று குறித்து அருங்காட்சியகம் போன்ற ஓர் இடத்தில் பாதுகாப்பாக வைக்க வேண்டும். தங்கத்துக்கு உரைகல் போல அந்த ஒற்றை மீன். நூறு ஆண்டு கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தக் குடுவையைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கும் பெயர் வைப்பதற்கும் இடையே நான்கு ஆண்டு என்பது உண்மையில் வேகமான வேலை. நம் காவிரியில் ஒரு கூன்முதுகு மகசீர் இருக்கிறது. ஆளுயரம் நெருங்கும் மீன். ஆங்கிலேயர் காலத்திலிருந்து தூண்டில்காரர்கள் அதைத் தேடிவந்து பிடித்துப் புகைப்படம் எடுத்துப் பெருமையடித்துக்கொண்டார்கள். உலகப் புகழ்பெற்ற மீன். ஆனால் அதற்கு உரிய அறிவியல் பெயர் எது என்பது 2018 வரை முடிவாகவில்லை. நீலகிரியை ஒட்டி ஓடும் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்துதான், கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007இல் 'டோர் ரெமாதேவியி' என்று பெயர் பெற்ற மீனும் இதுவும் ஒன்றே என்று உறுதிசெய்தார்கள். நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் கண்ட மீன் அது. பிடிக்கவும் செய்தார்கள். கண்டுபிடிக்கத்தான் 2018 ஆயிற்று.

சரி, கண்ணுக்கு வருவோம்.

'இருட்டில் கண்ணுக்கு வேலையில்லை, பயன்படுத்தாததால் போய்விட்டது' என்று சட்டென்று சொல்லத் தோன்றும். 1859இல் டார்வினே ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். குகை விலங்குகளின் கண் மறைந்ததற்குப் பயன்படுத்தாமை ஒன்றே காரணம் என்று. இயற்கைத் தேர்வு என்ற கருத்தையே உலகுக்குச் சொன்னவர், இந்த இடத்தில் மட்டும் அதைக் கூப்பிடவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்தால் சிக்கல் தெரியும். நாள் முழுக்கச் சம்மட்டி அடிக்கும் கொல்லருக்குப் புஜம் முறுக்கேறும். அவர் பிள்ளை முறுக்கேறிய புஜத்தோடு பிறப்பதில்லை. தாய்மீன் கண்ணைப் பயன்படுத்தாமல் இருந்தால் அவள் முட்டைக்கு அந்தச் செய்தி எப்படிப் போகும்? போகாது. அப்படியென்றால் வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும்.

இதை ஆராய விஞ்ஞானிகளுக்கு வாய்த்தது மெக்சிகோவின் ஒரு சிறிய மீன். ஆஸ்டியானாக்ஸ் மெக்சிகானஸ் என்று பெயர். விரல் நீளம்தான். ஆற்றில் வாழும் மீனுக்குக் கண் உண்டு, வெள்ளிப் பளபளப்பு உண்டு. சியரா டி எல் அப்ரா மலைப்பகுதியில் ஏறத்தாழ முப்பது குகைகளில் அதே மீன் கண்ணில்லாமல், நிறமில்லாமல் வாழ்கிறது. ஒரே மீனின் இரண்டு வடிவம், இரண்டையும் தொட்டியில் வளர்க்கலாம், இரண்டையும் ஒன்றோடொன்று இனம் சேர்க்கலாம். ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் ஆச்சரியம், குகைமீனின் கருவுக்குக் கண் உருவாகவே செய்கிறது. முட்டை கருவுற்ற ஒரு நாளுக்குள் கண்ணின் அடித்தளம் போடப்படுகிறது, விழிவில்லையும் வருகிறது. பிறகு அந்த வில்லையின் செல்கள் தாமாகவே சாகத் தொடங்குகின்றன. கண் வளர்ச்சி தடைபட்டு உள்ளே அமிழ்கிறது, மேலே தோல் மூடிவிடுகிறது. வீடு கட்டத் தொடங்கி, சுவர் எழுப்பி, பிறகு இடித்துவிட்டு மேலே மண்ணைப் போட்டு மூடுவது மாதிரி. தன் முன்னோர் கண்ணுள்ளவர்கள் என்பதை ஒவ்வொரு குகைமீனும் பிறக்கும்போது ஒருமுறை காட்டிவிடுகிறது.

2000இல் யோஷியுகி யமமோட்டோ, வில்லியம் ஜெஃப்ரி இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆற்றுமீன் கருவிலிருந்து நுண்ணிய விழிவில்லையை எடுத்துக் குகைமீன் கருவின் ஒரு பக்கத்தில் வைத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் கண் பெரிதாக வளர்ந்தது. மறுபக்கம் வழக்கம்போல மூடிக்கொண்டது. அப்படியென்றால் கண் கட்டும் சாமான் பெரும்பாலும் குகைமீனிடம் இன்னும் இருக்கிறது. வேலையைத் தொடரச் சொல்லும் மேஸ்திரி மட்டும்தான் நடுவில் கிளம்பிவிடுகிறார்.

ஏன் கிளம்புகிறார்? இங்கே மூன்று விளக்கங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று பகையல்ல, மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம்.

மரபணுவில் தற்செயலான எழுத்துப்பிழைகள் எப்போதும் நடந்துகொண்டே இருக்கின்றன. ஆற்றில் கண்ணைக் கெடுக்கும் பிழையோடு பிறந்த மீன் குஞ்சிலேயே இன்னொன்றுக்கு இரையாகிவிடும். பிழை அதோடு ஒழிந்தது. குகையில் அந்த மீனும் மற்றவை மாதிரியே பிழைத்து முட்டையிடும். ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓடு உடைந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவோம். பூட்டிக்கிடக்கும் வீட்டில் ஒவ்வொரு ஓடாக உடைந்து ஒருநாள் கூரையே இருக்காது. யாரும் இடிக்கவில்லை, பழுதுபார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். இது முதல் விளக்கம்.

இரண்டாவது, செலவு. கண்ணும் அதன் செய்தியைப் படிக்கும் மூளைப்பகுதியும் சக்தியைக் குடித்துக்கொண்டே இருக்கும். 2015இல் வந்த ஓர் ஆய்வு இதே மெக்சிகோ மீனில் அளந்து பார்த்தது. ஒரு கிராம் எடையுள்ள குட்டிமீன் சும்மா இருக்கும்போது செலவிடும் சக்தியில் சுமார் 15 சதவீதம் பார்வைக்கே போகிறது. 8.5 கிராம் மீனில் அது 5 சதவீதமாகக் குறைகிறது. சாப்பாடு எப்போது கிடைக்கும் என்றே தெரியாத குகையில் 15 சதவீதம் என்பது சாவுக்கும் வாழ்வுக்கும் உள்ள வித்தியாசம். பூட்டிய கடைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அணைக்கத் தெரிந்தவருக்குத்தான் மாதக் கடைசியில் காசு மிஞ்சும். கண்ணில்லாமல் பிறந்தது அங்கே குறை இல்லை, ஆதாயம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரு வளரும்போது தலையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மரபணுச் சமிக்ஞை பரவுகிறது. குகைமீனில் அது வழக்கத்தைவிட அகலமாகப் பரவுகிறது. அதன் விளைவாகத் தாடை பெரிதாகிறது, சுவையறியும் மொட்டுகள் பெருகுகின்றன. அதே சமிக்ஞைதான் விழிவில்லையின் செல்களைச் சாகவும் வைக்கிறது. இருட்டில் தரையைத் துழாவி உணவு தேடும் மீனுக்கு நாக்கும் தாடையும் அவசியம், கண் அநாவசியம். ஒன்றை வாங்க இன்னொன்றை விற்க வேண்டியிருந்தது. கண் போனதை மட்டும் பார்த்து அந்த மீனைக் குருடு என்று பெயர் வைக்கிறோம். அது வாங்கியதைக் கணக்கில் எடுப்பதில்லை. பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு பல மீன்களுக்கு உண்டு. தண்ணீரின் மிக லேசான அசைவையும் அதில் உள்ள நுண்ணுறுப்புகள் உணரும். குகைமீனுக்கு அவை தலையிலும் பெருகிக் கிடக்கின்றன. சுவரில் மோதாமல், இருட்டில், உணவு விழுந்த இடத்துக்கு நேராகப் போய்விடும்.

நிறமும் இப்படித்தான். 2006இல் கண்டது இது: மெக்சிகோவில் பச்சோன், மொலினோ என்ற இரண்டு குகைகளின் மீன்களும் வெளிறிப்போனதற்கு ஒரே மரபணு பழுதானதுதான் காரணம். ஆனால் பழுது ஒரே இடத்தில் இல்லை, இரண்டிலும் வெவ்வேறு துண்டு காணாமல் போயிருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளவில்லை. தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. குகைமீன்கள் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கும் புதிய சாயம் எதுவும் காரணமில்லை. நிறமில்லாத தோல் வழியாக ரத்தம் தெரிகிறது.

இதையெல்லாம்விட விசித்திரமானது நியூயார்க்கில் ரிச்சர்ட் பொரோவ்ஸ்கி 2008இல் காட்டியது. வேறு வேறு குகைகளைச் சேர்ந்த இரண்டு குருட்டு மீன்களை இனம் சேர்த்தார். பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது! பல ஆயிரம் தலைமுறையாக வெளிச்சமே காணாத இரு குடும்பங்கள், பிள்ளைக்குக் கண் தெரிகிறது. மாயமில்லை. மெக்கானிக் கடையில் இரண்டு பழுதான பைக் நிற்கின்றன. ஒன்றில் கார்புரேட்டர் போயிருக்கிறது, இன்னொன்றில் செயின் அறுந்திருக்கிறது. இரண்டிலிருந்தும் நல்ல பாகத்தை எடுத்தால் ஓடுகிற வண்டி ஒன்று கிடைத்துவிடும். ஒரு குகையில் கெட்ட மரபணு வேறு, மறு குகையில் கெட்டது வேறு.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கண்ணில்லாத மெக்சிகோ மீனும் கண்ணுள்ள ஆற்றுமீனும் சேர்ந்து நல்ல குஞ்சுகளைப் பெறுகின்றன என்றால், அவை ஒரே சிற்றினம் அல்லவா? ஆம். 1936இல் அந்தக் குகைமீனை முதலில் வருணித்தவர்கள் அதைத் தனிச் சிற்றினமாக மட்டுமல்ல, தனிப் பேரினமாகவே வைத்துப் பெயரிட்டார்கள். பார்வைக்கு அவ்வளவு வித்தியாசம். இன்று அதையும் ஆற்றுமீனையும் பொதுவாக ஒரே பெயரில்தான் அழைக்கிறார்கள். சிப்பிப்பாறை நாயையும் வீட்டில் மடியில் வைத்துக் கொஞ்சும் பொமரேனியனையும் பார்த்தால் ஒரே சிற்றினம் என்று தோன்றுமா? ஆனால் அதுதான் உண்மை. உருவம் ஏமாற்றும்.

ஜெர்மனியில் 2015இல் ஒரு முக்குளிப்பவர் டான்யூப் நதி நிலத்தடியில் மறைந்து ஓடும் குகைக்குள் ஒரு வெளிறிய அயிரை வகை மீனைக் கண்டார். ஐரோப்பாவின் முதல் குகைமீன் அது. கண் சிறுத்திருந்தது, மீசை நீண்டிருந்தது. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் விலகிய பிறகுதான், அதாவது 20,000 ஆண்டுகளுக்குள்தான், அது உள்ளே போயிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். குகைமீன் என்று அறிவித்தார்கள், புதிய சிற்றினம் என்று அறிவிக்கவில்லை. அதனால்தான் மேகாலயா மீனுக்குக் கண்ணில்லை என்பது மட்டும் போதவில்லை. தாடை, துடுப்பு, செதில், டி.என்.ஏ. என்று சாட்சிகளை அடுக்க வேண்டியிருந்தது.

குகைமீனைத் தேட மேகாலயா வரைதான் போக வேண்டும் என்பதும் இல்லை. குமரி எல்லையைத் தாண்டினால் போதும். கேரளத்தில் வீடு கட்ட வெட்டியெடுக்கும் செம்புரைக்கல், கடற்பஞ்சு மாதிரி துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளிலும் விரிசல்களிலும் நிலத்தடி நீர் நிற்கிறது, அந்த நீரில் மீன்கள் வாழ்கின்றன. மனிதன் நுழையும் குகை இல்லை. மீன் நுழைந்தால் போதும், அதற்கு அது குகைதான். நாம் அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல், கிணறு. 1950இல் ஏ.ஜி.கே. மேனன் கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த கண்ணில்லாத குட்டிக் கெளுத்திக்கு ஹோராகிளானிஸ் கிருஷ்ணை என்று பெயரிட்டார். பிறகு நீண்ட காலம் பெரிய சத்தமில்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் வரிசை கட்டி வருகின்றன. கோழிக்கோட்டில் ஒரு கிணற்றில் அகப்பட்ட, நூல் மாதிரி மெல்லிய அயிரைக்கு 2019இல் பாங்கியோ புஜியா என்று பெயர். ஆமாம், வடக்கே கொறிக்கும் அந்த ஓமப்பொடி மாதிரியான புஜியாதான். அதன் சகோதரி பாங்கியோ பாதாளா 2022இல் பெயர் பெற்றது. செங்கன்னூரில் ஒருவர் குளிக்கத் தண்ணீர் பிடித்தபோது குழாய் வழியாக வாளிக்குள் சிவப்பு நூல்போல வந்து விழுந்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கம். மலப்புரத்தில் மழைவெள்ளத்தில் மேலே வந்த ஒரு மீனின் படம் சமூக ஊடகம் வழியாக ஆய்வாளர்களை எட்டி, எனிக்மாசன்னா என்ற பெயரில் 2019இல் வெளியானது. விராலுக்குத் தூரத்துச் சொந்தம். மறு ஆண்டே அதற்குத் தனிக் குடும்பமே ஒதுக்க வேண்டிவந்தது. இத்தனைக்கும் அதற்குக் கண்ணும் இருக்கிறது, பழுப்பு நிறமும் இருக்கிறது. நிலத்தடி மீன் என்றால் குருடாக, வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலே நான் எழுதியதையெல்லாம் அந்த மீன் படிக்கவில்லை போலும்.

கிணறு தூர்வாரும்போதும் தொட்டி கழுவும்போதும் கிடைத்த மீன்களைச் சாதாரண வீட்டுக்காரர்கள் எடுத்துவைத்துத் தகவல் சொன்னதால்தான் இவற்றில் பல வெளிச்சத்துக்கு வந்தன. 2023இல் இன்னொரு குருட்டுக் கெளுத்திக்குப் பெயரிட்டபோது ஆய்வாளர்கள் அதை ஹோராகிளானிஸ் பாப்புலி என்றார்கள். லத்தீனில் 'மக்களுடையது' என்று பொருள்.

உம் லாதௌ மீன்கள் இத்தனை பெரிதாக வளர என்னதான் சாப்பிடுகின்றன? மேலே காட்டிலிருந்து மழைவெள்ளம் அடித்துவரும் இலை, குச்சி, பூச்சிதான் முதன்மையான உணவாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். அப்படியென்றால் குகை மீனின் வயிறு மேலே உள்ள காட்டில் இருக்கிறது. காடு போனால் சாப்பாடு போகும். சுண்ணாம்புக்கல்லை வெட்டினால் வீடே போகும், ஜைந்தியா மலைகளில் சிமென்ட் ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் கொஞ்சமல்ல. அதே மலைகளில் ஓடும் லூக்கா ஆறு 2007ஐ ஒட்டிய காலத்திலிருந்து குளிர்காலங்களில் பளீரென்று நீலமாக மாறிவருகிறது. படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். சுரங்கங்களிலிருந்து கசியும் அமிலநீரைத்தான் அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த நிலையில் அதில் மீன் தங்குவதில்லை. குகைக்குள் மட்டும் வாழும் மீனுக்கு அடுத்த ஆற்றுக்கு ஓடிப்போகும் வழியும் கிடையாது.

ஜூனில் மழை இறங்கியதும் குகைகளுக்குள் வெள்ளம் புகுந்துவிடும், ஆய்வாளர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அடுத்த பிப்ரவரியில் தண்ணீர் வடிந்த பிறகுதான் யாராவது விளக்கோடு மறுபடியும் அந்தக் குட்டைக்கு இறங்க முடியும்.